பிள்ளை மேல் கோபம் ஏறும் நேரம்: வடசென்னை அம்மா அப்பாக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காலையில் பிள்ளை தண்ணீர்ச் சொம்பைக் கவிழ்த்தால் "பாத்துடா" என்று துடைத்துவிட்டுப் போகிற அதே அம்மா, ராத்திரி எட்டரை மணிக்கு அதே சொம்பு கவிழ்ந்தால் முதுகில் ஒன்று வைக்கிறார். பிள்ளை செய்தது இரண்டு தடவையும் ஒன்றுதான். இடையில் அந்த அம்மா நாள் முழுக்க உழைத்திருக்கிறார், மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை, வாரக் கடன்காரர் இரண்டு முறை போன் செய்துவிட்டார், இன்னும் குடம் நிரம்பவில்லை. பிள்ளைகள் வாங்குகிற அடியில் பெரும்பகுதி இப்படித்தான் வருகிறது. அதனால் பிள்ளையை எப்படி அடக்குவது என்று நான் எழுதப் போவதில்லை. பெற்றவர்கள் தலையில் இருக்கிற பாரத்தை, அதுவும் நாளின் எந்த நேரத்தில் அது தாங்க முடியாமல் போகிறதோ அந்த நேரத்தில், கொஞ்சமாவது இறக்கி வைப்பது எப்படி என்பதுதான் இதில் இருக்கிறது.

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, காசிமேடு, எண்ணூர் பக்கத்து வீடுகளை மனதில் வைத்து எழுதுகிறேன். கோபம் வந்தால் வேறு அறைக்குப் போய் அமைதியாக உட்காருங்கள் என்று சொன்னால் எங்கள் பக்கம் அது நடக்காது. ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, அதில் ஆயாவையும் சேர்த்து ஐந்து ஆறு பேர். அப்பா துறைமுகத்திலோ கன்டெய்னர் லாரியிலோ ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குவார், அம்மா விடியற்காலையில் மீன் ஏலத்துக்கோ ஹவுஸ்கீப்பிங் வேலைக்கோ கிளம்புவார். இதற்குள் செய்ய முடிந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஏன் இவ்வளவு முக்கியம் என்று ஒரு பத்தி. 1995 முதல் 1997 வரை அமெரிக்காவில் 17,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்களுடைய சின்ன வயதைப் பற்றிக் கேட்டார்கள்: வீட்டில் அடி விழுந்ததா, வசவு இருந்ததா, குடிப்பவர் இருந்தாரா, அம்மா அடி வாங்குவதைப் பார்த்தீர்களா என்று. இப்படிப்பட்ட அனுபவங்கள் கூடக்கூட, வளர்ந்த பிறகு மன அழுத்தம், குடிப்பழக்கம், இதய நோய் எல்லாமே அந்தந்த அளவுக்குக் கூடியிருந்தன. அடி வலி போய்விடும், பயம் உடம்பிலேயே தங்கிவிடும். ஆனால் இன்னொன்றும் ஆராய்ச்சியில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. எவ்வளவு கஷ்டமான வீடாக இருந்தாலும், நம்பிச் சாயக்கூடிய ஒரே ஒரு பெரியவர் நிலையாக இருந்தால் பிள்ளை பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. அது அம்மாவாக இருக்கலாம், அப்பாவாக இருக்கலாம், ஆயாவாகவும் இருக்கலாம்.

முதல் படி: எந்த நேரம் என்று கண்டுபிடியுங்கள்

தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளைத் தூக்கிப் போடாமல் ஒரு வாரத்துக்குச் சேர்த்து வையுங்கள். கத்தினாலும் அடித்தாலும், அடிக்கக் கை போய் நின்றாலும்கூட, அன்றைய தாளின் பின்பக்கம் மூன்றே விஷயம் எழுதுங்கள்: மணி என்ன, அதற்கு முந்தின அரை மணியில் என்ன நடந்தது, உங்கள் உடம்பு எப்படி இருந்தது (பசியா, தூக்கமா, தலைவலியா, மாதவிடாய் நாளா). பிள்ளை என்ன தப்பு செய்தது என்று எழுத வேண்டாம், அதை எழுத ஆரம்பித்தால் தாள் முழுக்க அதுதான் நிரம்பும்.

ஒரு தாளில் இப்படி இருக்கும் என்று வையுங்கள்: "7.50. பஸ்ல நின்னுட்டே வந்தேன். டீ கூட குடிக்கல. வந்ததும் தண்ணி புடிக்க நின்னேன், மாடி வீட்டுக்காரங்க சண்டை. பையன் வீட்டுப்பாடம் எழுதல." நாலு தாளில் 7.30-க்கும் 8.30-க்கும் நடுவில் இதே கதை இருந்தால், அந்த வீட்டின் சூடு பிடிக்கிற நேரம் அதுதான். சில வீடுகளில் காலை ஏழு மணியாக இருக்கும். நைட் ஷிப்ட் முடித்த அப்பா படுத்திருக்கும்போது பகலில் பிள்ளைகள் சத்தம் போடுகிற நேரமாகவும் இருக்கலாம். அப்பாவும் தனியாக ஒரு தாள் எழுதட்டும், ஏனென்றால் இரண்டு பேருடைய நேரமும் பெரும்பாலும் வேறு வேறு.

இரண்டாம் படி: அந்த நேரத்திலிருந்து எதையாவது எடுத்துவிடுங்கள்

பொறுமையைக் கூட்டிக்கொள்ள முயற்சி செய்யாதீர்கள், அது அந்த நேரத்தில் நடக்காது. வேலையைக் குறையுங்கள். மேலே சொன்ன அம்மா செய்யக்கூடியது: வீட்டுக்குள் நுழையும் முன்னால், தெருமுனைக் கடையில் ஒரு டீயும் பொறையும். அதற்கு ஆகும் இருபது முப்பது ரூபாயை வீண் செலவு என்று நினைக்க வேண்டாம். பசியோடு நுழைகிறவரும் வயிற்றில் ஏதோ இருந்து நுழைகிறவரும் வேறு வேறு ஆட்கள் மாதிரி நடந்துகொள்வார்கள். அப்புறம் வீட்டுப்பாடத்தை அந்த ஒரு மணி நேரத்திலிருந்து வெளியே தள்ளுங்கள். பக்கத்துத் தெரு டியூஷன், தெருவில் பத்தாவது படிக்கிற அக்கா, இல்லையென்றால் காலை அரை மணி, எதுவாக இருந்தாலும் சரி. வீட்டுப்பாடம் எழுதாமல் போனால் டீச்சர் கேட்பார், அவ்வளவுதான். அதற்காக வீட்டில் ரத்தக்களறி வேண்டாம்.

காலை நேரம்தான் பிரச்சினை என்றால், மாநகராட்சிப் பள்ளியில் 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைக்குப் பள்ளியிலேயே காலை உணவு உண்டு; 2022 செப்டம்பரில் தமிழக அரசு ஆரம்பித்த திட்டம். "வீட்டுல சாப்பாடு போடலன்னு நினைப்பாங்க" என்று கூச்சப்பட்டு அதை விட்டுவிடுகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். காலையில் ஒரு இட்லிக்காக நடக்கிற சண்டை மொத்தமாகப் போய்விடும். ஆறு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு அங்கன்வாடி இருக்கிறது, அங்கே சாப்பாடும் உண்டு, உங்களுக்குச் சில மணி நேரம் மூச்சும் கிடைக்கும்.

வேலையிலிருந்து வந்ததும் முதல் பத்து நிமிடம் அம்மாவிடமோ அப்பாவிடமோ எந்தப் புகாரும் வரக் கூடாது என்று வீட்டில் ஒரு சட்டம் போடலாம். ஆயாவுக்கும் இது பொருந்தும். வாசலிலேயே "உன் புள்ள இன்னிக்கு என்னா பண்ணான் தெரியுமா" என்று ஆரம்பிப்பதுதான் பாதி வீடுகளில் முதல் தீப்பொறி. அந்தப் பத்து நிமிடம் கழித்து, இன்னொரு பத்து நிமிடம் பிள்ளைக்கு மட்டும் கொடுங்கள், செல்போன் எட்டாத இடத்தில் இருக்கட்டும். 1970-களில் எட்வர்ட் டிரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். குழந்தையோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்த அம்மா, திடீரென்று முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் இரண்டு மூன்று நிமிடம் குழந்தையைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்த்தது, கையை நீட்டிக் கூப்பிட்டது, சத்தம் போட்டது, கடைசியில் தளர்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது. போனைப் பார்க்கிற முகமும் பிள்ளைக்கு ஏறக்குறைய அப்படித்தான் தெரியும். அம்மா பழையபடி சிரித்துப் பேச ஆரம்பித்ததும் அந்தக் குழந்தைகள் மெல்ல மெல்லத் தேறின, அதையும் மறக்க வேண்டாம்.

மூன்றாம் படி: கை ஓங்குகிற அந்த நொடி

எல்லாம் செய்தும் கோபம் வரும். அது வரும்போது உடம்பு முன்கூட்டியே சொல்லும்: பல் இறுகும், காது சூடாகும், குரல் தன்னால் உயரும். உங்களுக்கு எது முதலில் வருகிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அது வந்ததும் கையில் இருப்பதைக் கீழே வையுங்கள். கரண்டி, சார்ஜர் ஒயர், துடைப்பம், எதுவாக இருந்தாலும். பிள்ளைக்கு முதுகைக் காட்டித் திரும்புங்கள். வாசல்படி, ஹவுசிங் போர்டு வீடாக இருந்தால் வராண்டா, மொட்டைமாடிப் படிக்கட்டு, ஒன்றுமே இல்லையென்றால் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு முகத்தில் தண்ணீர் அடியுங்கள். மூச்சை நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள், பத்து தடவை. இழுப்பதை விட விடுவது நீளமாக இருக்க வேண்டும், ஏனென்றால் மூச்சை மெதுவாக விடும்போதுதான் இதயத் துடிப்பு குறைகிறது. ஏறக்குறைய இரண்டு நிமிட வேலைதான். போகும் முன் பிள்ளையிடம் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போங்கள்: "அம்மாவுக்குக் கோவம் வருது, அஞ்சு நிமிஷத்துல வரேன்." சொல்லாமல் போனால் சின்னப் பிள்ளை விட்டுவிட்டுப் போய்விட்டாய் என்று நினைத்துப் பின்னாலேயே ஓடி வரும்.

கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். குழந்தை பிறந்து இரண்டு வாரத்துக்குப் பிறகு அழுகை கூடிக்கொண்டே போகும், ஆறு எட்டு வாரத்தில் உச்சம், மூன்று நாலு மாதத்தில் நன்றாகக் குறைந்துவிடும். பால் கொடுத்தும், துணி மாற்றியும், தூளியில் ஆட்டியும் அழுகிறது என்றால் அது உங்கள் குறை இல்லை. தாங்க முடியாத நிலைக்கு வந்துவிட்டால், குழந்தையைத் தரையில் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு வாசலுக்கு வந்து சில நிமிடம் நில்லுங்கள். அழுகிற குழந்தை அந்தச் சில நிமிடத்தில் அழுதுகொண்டே இருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஆத்திரத்தில் பிடித்துக் குலுக்கினால் மூளைக்குள் ரத்தம் கசியும், பார்வை போகலாம், உயிரே போகலாம். சில நொடி குலுக்கலே போதும். வீட்டில் குழந்தையைத் தூக்குகிற ஒவ்வொருவருக்கும், பத்து வயது அண்ணன் முதல் மாமா வரை, இதை வாய்விட்டுச் சொல்லி வையுங்கள். காய்ச்சலோடு அழுதாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நான்காம் படி: அடித்துவிட்டால் அப்புறம் என்ன

பேசுங்கள். அன்றைக்கே, தூங்கும் முன்னால். பிள்ளை எப்போதும் தன்னால்தான் எல்லாம் நடந்தது என்று எடுத்துக்கொள்ளும். "நான் அடிச்சது தப்பு. நீ பொய் சொன்னதும் சரியில்ல, அத நாளைக்குப் பேசலாம். ஆனா அதுக்காக அடிச்சிருக்கக் கூடாது." இவ்வளவு போதும். "நீ அப்படிப் பண்ணதாலதான் அடிச்சேன்" என்று சேர்த்தால் சொன்னது எல்லாம் வீண். மன்னிப்புக்குப் பதிலாகப் பரோட்டா வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம், பிள்ளை முன்னால் உட்கார்ந்து அழுது அதைத் தேற்ற வைப்பதும் வேண்டாம். பெரியவரிடம் மன்னிப்புக் கேட்கவைத்தே வளர்ந்த நமக்குப் பிள்ளையிடம் கேட்பது கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் இதனால் மரியாதை குறைந்த அப்பாவை நான் பார்த்ததில்லை.

ஐந்தாம் படி: பணம்

நம் பக்கத்துக் கோபத்தில் பாதி பணத்தால் வருவது. தண்டல், குழு லோன், மீட்டர் வட்டி, நகைக்கடன் என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள்: யாருக்கு, எவ்வளவு, எந்தக் கிழமை. தலைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் கடனை விடத் தாளில் இருக்கும் கடன் கொஞ்சமாவது சின்னதாகத் தெரியும்.

பைனான்ஸ் கம்பெனி, வங்கிக் குழுக் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் விதி போட்டிருக்கிறது. காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பிறகும் போன் செய்து வசூலிக்கக் கூடாது. இரு தரப்பும் பேசி வைத்த இடத்தில்தான் தவணை வாங்க வேண்டும், அடுத்தடுத்து இரண்டு முறையோ அதற்கு மேலோ நீங்கள் அங்கே வராமல் இருந்தால்தான் வீட்டுக்கு வரலாம். திட்டுவது, மிரட்டுவது, சொந்தக்காரர்களைத் தொந்தரவு செய்வது எதுவும் கூடாது. கம்பெனியில் புகார் கொடுத்துப் பலன் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் 14448-ல் கேட்கலாம். தனியார் கந்து வட்டிக்கு இந்த விதி இல்லை, ஆனால் அதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லிருந்தே சட்டம் இருக்கிறது, போலீசில் புகார் கொடுக்கலாம்.

ஒன்றே ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். வசூலுக்கு ஆள் வரும்போது "அம்மா வீட்டுல இல்லன்னு சொல்லு" என்று பிள்ளையை வாசலுக்கு அனுப்பாதீர்கள். கதவுக்குப் பின்னால் அம்மா நிற்பது தெரிந்து, வெளியே ஒரு பெரிய ஆள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லி, அவர் போடுகிற சத்தத்தையும் வாங்கிக்கொண்டு எட்டு வயதுப் பிள்ளை உள்ளே வருகிறது. அந்தப் பயம் அதற்கு வேண்டாம். "இந்த மாசம் காசு கொஞ்சம் கஷ்டம், நாங்க பாத்துக்குறோம், சாப்பாட்டுக்கும் ஸ்கூலுக்கும் இருக்கு" என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

மீன்பிடி வீடுகளுக்கு ஒரு கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. பள்ளிக்கூட லீவும் ஏறக்குறைய அதே காலம்தான். வருமானம் நின்ற வீட்டில், கத்திரி வெயிலில், அப்பாவும் பிள்ளைகளும் நாள் முழுக்க ஒரே கூரைக்குக் கீழே, தடை முடிவதற்குள் பள்ளியும் திறந்து நோட்டு, பை, பீஸ் என்று வரிசையாக வரும். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய், இரண்டு மாதத்துக்கு அது காணாது. ஆகவே மார்ச்சிலேயே உட்கார்ந்து பேசுங்கள்: எந்தக் கடனை முன்பே குறைக்கலாம், பிள்ளையை எந்தச் சித்தி வீட்டில் பத்து நாள் விடலாம், வலை சரி செய்கிற நேரம் போக அப்பா பிள்ளையோடு சாயங்காலம் எங்கே போவார் என்று. கடற்கரைக்கு நடந்து போய் வர ஒன்றும் செலவில்லை. மழைக்காலமும் இப்படித்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவித் தொழில் நின்றது நினைவிருக்கும். வீட்டுக்குள் தண்ணீர் வந்ததைப் பார்த்த பிள்ளை மேகம் கறுத்தாலே அழுதால், அதைத் திட்ட வேண்டாம், சாமான்களை மேலே எடுத்து வைக்கும்போது கூடவே ஒரு சின்ன வேலை கொடுங்கள்.

ஆறாம் படி: குடி

குடிக்கிறவரைத் திருத்தும் வேலையைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். "நீ சொன்னா அப்பா கேப்பாரு" என்று அழைத்துவர அனுப்புவது, பாட்டிலை ஒளித்து வைக்கச் சொல்வது, குடித்துவிட்டு வந்தாரா என்று மோந்து பார்க்கச் சொல்வது, இது எல்லாம் பிள்ளையைக் காவல்காரனாக்கி, குடி நிற்காதபோது தன்னால்தான் முடியவில்லை என்று நினைக்க வைக்கும். போதையில் இருப்பவரோடு அந்த ராத்திரி நியாயம் பேச வேண்டாம், காலையில் பேசுங்கள்.

தெருவில் எழுதி ஒட்டியிருக்கும் "அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்" மருந்தை வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. குடியை நிறுத்தக் கொடுக்கிற சில மாத்திரைகள் மேல் தெரியாமல் குடித்தால் உயிருக்கே ஆபத்து. அதேபோல் வருடக்கணக்கில் தினமும் நிறையக் குடிப்பவர் சாமிக்கு மாலை போட்டோ சபதம் எடுத்தோ ஒரே நாளில் நிறுத்தினால், இரண்டு மூன்று நாளுக்குள் கை நடுக்கம், வலிப்பு, ஆள் அடையாளம் தெரியாமல் உளறுவது எல்லாம் வரலாம். அது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நிலை. நிறுத்துவது நல்லதுதான், டாக்டர் கவனிப்பில் நிறுத்தட்டும். ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவிலும், கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் இதற்குச் சிகிச்சை உண்டு, காசு கிடையாது.

அடி விழுகிற வீடு என்றால் ஒரு பை தயாராக இருக்கட்டும்: ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் புத்தகம், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், இரண்டு செட் துணி, கொஞ்சம் பணம். எந்த வீட்டுக்கு ராத்திரி போகலாம் என்று முன்பே கேட்டு வையுங்கள், அந்த வீட்டுக்குப் போகப் பிள்ளைக்கும் வழி தெரிந்திருக்க வேண்டும். 181 பெண்களுக்கான உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் உங்களை வீட்டை விட்டு வெளியேற்றாமல் இருக்கவும், அடிக்கிறவர் நெருங்காமல் இருக்கவும் உத்தரவு வாங்க முடியும்.

ஏழாம் படி: உங்கள் மனசு

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள் மனசு கனத்தே இருக்கிறது, தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிள்ளையைப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றவில்லை என்றால் அது சோம்பலோ திமிரோ கிடையாது. மன அழுத்த நோய், மருந்துக்கும் பேச்சு சிகிச்சைக்கும் கேட்கும். குழந்தை பெற்ற அம்மாக்களுக்கு இது வருவது சகஜம், "பச்ச உடம்புக்காரி அப்படித்தான்" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள், விடக் கூடாது. 14416 டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், இலவசம், நடு ராத்திரியிலும் உண்டு. செத்துப்போகலாம் என்றோ பிள்ளையையும் சேர்த்து ஏதாவது செய்துவிடலாம் என்றோ எண்ணம் வந்தால் அந்த நிமிடமே கூப்பிடுங்கள், பக்கத்து வீட்டு அக்காவை எழுப்பித் தனியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வீட்டில் இருக்கும் மாத்திரைகளையும் எலி மருந்தையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

சென்னையில் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று கேலி பேசியே பல பேரைச் சிகிச்சைக்குப் போக விடாமல் செய்திருக்கிறோம். 1794-லிருந்து இருக்கிற ஆஸ்பத்திரி அது. காலையில் வெளிநோயாளியாகப் போய்ப் பார்த்துவிட்டு மருந்து வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் தினமும் இருக்கிறார்கள்.

எட்டாம் படி: பிள்ளையைக் கவனியுங்கள்

நிறுத்திவிட்ட பிள்ளை மறுபடியும் படுக்கையில் மூத்திரம் போகிறது, காலையில் மட்டும் வயிற்றுவலி, கதவு தட்டினாலே துள்ளுகிறது, திடீரென்று ரொம்ப நல்ல பிள்ளையாகி எதையுமே கேட்காமல் இருக்கிறது, தம்பியை நீங்கள் திட்டுகிற அதே வார்த்தையில் திட்டுகிறது. இதில் ஒன்றிரண்டு வாரக்கணக்கில் தொடர்ந்தால் வீட்டுச் சூடு பிள்ளையைத் தொட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். வெளியாட்கள் யாராவது பிள்ளையிடம் தவறாக நடந்தாலும் இதே அறிகுறிகள் வரும், அதனால் மிரட்டாமல், இரண்டு பேரும் வேறு வேலை செய்துகொண்டே, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். என்ன சொன்னாலும் முதல் பதில் "சொன்னது நல்லதாச்சு" என்றே இருக்கட்டும். 1098 குழந்தைகளுக்கான உதவி எண், பிள்ளையே கூப்பிடலாம், எண்ணை மனப்பாடமாகச் சொல்லிக் கொடுங்கள்.

டீச்சரிடம் போய் "கண்ணு ரெண்ட விட்டுட்டு தோல உரிங்க" என்று சொல்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பள்ளியில் அடிப்பதையும் மனத் துன்பம் கொடுப்பதையும் தடை செய்திருக்கிறது, நாமே அதற்கு அனுமதி கொடுக்கக் கூடாது. அதற்குப் பதிலாக "வீட்டுல இப்ப கொஞ்சம் பிரச்சினை, பையன் டல்லா இருந்தா எனக்குச் சொல்லுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு வாருங்கள், விவரம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. டாக்டரிடம் அழைத்துப் போனால், பிள்ளை முன்னால் "இவன் ரொம்ப படுத்துறான்" என்று ஆரம்பிக்காமல், எத்தனை நாளாக, எந்த நேரத்தில், அதற்கு முன்னால் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். காலண்டர் தாள்கள் இருந்தால் அவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.